சந்தைக்கு வர மறுத்தவர்

ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் வாங்குகிறவர் அடிமையா?

1970ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலே இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர் எல்லோரும் கொடியவர் அல்லர். ஆலையிலே வெந்து, வாரக் கூலியோடு வீடு திரும்பும் எளியவனும் சிரித்தான். ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைத்து அவன் பெறுவதை, பந்து பிடிக்கும் ஒருவர் ஒரே மாதத்தில் பெற்றார். அதற்குமேலும் அவருக்கென்ன குறை என்று அவன் கேட்டதிலே வியப்பில்லை. முதலாளிகளும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலேதான் சூது இருந்தது.

சம்பளம் பெரிது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சம்பளக்காரர், "இந்த முதலாளியிடம் வேலை செய்ய விருப்பமில்லை, வேறொருவரிடம் போகிறேன்" என்று சொல்ல முடியுமா? முடியாது. இன்னொரு முதலாளி, "வாரும், கூடுதலாகத் தருகிறேன்" என்று அழைக்க முடியுமா? அதுவும் முடியாது. அவரைக் கேளாமலே, அவருக்குத் தெரியாமலே, அவரை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா? தாராளமாக முடியும்! தீனி நிறையப் போட்டு வளர்க்கப்படும் பந்தயக் குதிரைக்கும் இந்த மூன்றும் பொருந்தும். குதிரைக்கு இலாயம் பளிங்கிலே கட்டினாலும், இலாயத்தைத் தேர்ந்தெடுப்பது குதிரை அல்லவே!

கர்ட் பிளட் என்பது அவர் பெயர். 1938 சனவரியில் ஹூஸ்டன் நகரில் பிறந்து, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்த கறுப்பர். தென்மாநிலங்களிலே அந்நாளில் நரைத்த கறுப்பரையும் "பையா" என்றுதான் வெள்ளையர் அழைப்பர். ஆகவே நாம் அவரை முதலிலிருந்தே "அவர்" என்று எழுதுகிறோம்.

அவர் ஆடியது பேஸ்பால். அந்த ஆட்டத்தை நாம் ஆடியவர்கள் அல்லர். ஆட்ட நுணுக்கம் பேசவும் வரவில்லை. ஒருவர் பந்து வீச, ஒருவர் உருண்டைக் கட்டையால் அடிக்க, அடித்த பந்தை எதிரணியினர் விரட்டிப் பிடிப்பர். கிரிக்கெட் பார்த்தவர்க்கு இவ்வளவு போதும். களத்தின் நடுக்கோடியிலே நின்று, நெடுந்தொலைவு பறந்து வரும் பந்துகளை ஓடிப் பிடிப்பது பிளட்டின் பணி. 1956இல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, ஆண்டுக்கு நாலாயிரம் டாலருக்குச் சின்சினாட்டி அணி அவரை எடுத்தது.

பயிற்சிக்காகப் புளோரிடாவின் டாம்பா நகருக்குப் போனார். அணியினர் தங்கும் பெரிய விடுதிக்குள்ளே கனவோடு நுழைந்தார். பக்கக் கதவு வழியாக வெளியேற்றி, கறுப்பர் தங்கும் ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டாண்டுகள் வட கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் சிறு சங்க அணிகளில் ஆடினார். அவ்வணிகள் பெரிய அணிகளுக்கு ஆள் தயாரிக்கும் நாற்றங்கால்கள். வெள்ளைத் தோழர்கள் உணவகத்திலே உண்ணும்போது, இவர் பேருந்திலே காத்திருக்க வேண்டும். அல்லது சமையற்கட்டுப் பின்வாயிலிலே வாங்கித் தின்ன வேண்டும். களத்திலே இறங்கினாலோ, இருக்கைகளிலிருந்து வசைமழை!

பிற்காலத்தில் அவரே சொன்ன ஒரு நிகழ்ச்சியை நம்மால் மறக்க முடியவில்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்ததும், வியர்வையில் நனைந்த உடுப்புகளை எல்லோரும் கழற்றித் தரையிலே குவித்தார்கள். பிளட்டும் தம் உடுப்பை அந்தக் குவியலிலே போட்டார். உடுப்பறைக்காரன் பதறிப்போய் ஒரு நீண்ட கோலை எடுத்து வந்தான். கை படாமல், கோலின் முனையால் பிளட்டின் உடுப்பை மட்டும் பிரித்தெடுத்தான். நகரின் மறுகோடியிலுள்ள கறுப்பர் சலவைக் கடைக்கு அனுப்பினான். இரண்டாம் ஆட்டம் தொடங்கிவிட்டது. வெள்ளையர் எல்லோரும் களத்திலே நிற்க, உடுப்பு திரும்பி வரும்வரை பிளட் ஆடையின்றி அறையிலே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கோலைப் பற்றி நம் நாட்டு வாசகருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தொடாமல் தூக்கும் வித்தையை நம்மவரினும் நன்கறிந்தவர் யார்?

அவமானத்திற்கு அவர் விடை சொன்னது ஆட்டத்தால். 1957 டிசம்பரில், அவருக்குப் பத்தொன்பது வயது. வெனிசுலாவில் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. அவரைச் செயிண்ட் லூயி கார்டினல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்களாம்! மாற்றியவர் கேட்கவில்லை, மாற்றப்பட்டவர்க்கு மறுக்க வழியில்லை. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் பொறுப்பதில்லை என்ற எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த விதை மண்ணுக்குள்ளே கிடந்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் செயிண்ட் லூயிக்குப் பொற்காலம். 1964லும் 1967லும் அந்த அணி உலகத் தொடரை வென்றது. தம் இடத்திலே மிகச் சிறப்பாகப் பந்து பிடிப்பவர்க்குத் தரும் தங்கக் கையுறை விருதை 1963 முதல் 1969 வரை, ஏழாண்டுகள் இடையறாமல் பிளட் பெற்றார். 1966ஆம் ஆண்டு முழுவதும் அவர் கையிலிருந்து ஒரு பிழைகூட இல்லை. பிழையின்றித் தொடர்ந்து 226 ஆட்டங்கள்! 1964இல் கட்டையாலே 211 முறை வெற்றியடி அடித்தார். அணியின் துணைத் தலைவராகவும் இருந்தார்.

களத்திலே கைதட்டிய நாடு, களத்துக்கு வெளியே என்ன செய்தது தெரியுமா? 1964இல் உலகத் தொடரை வென்ற கையோடு, கலிபோர்னியாவின் அலமோ என்னும் ஊரிலே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசினார். வருபவர் கறுப்பர் என்று தெரிந்ததும், உள்ளே வந்தால் சுடுவோம் என்று மிரட்டினார்கள். பிளட் ஓடவில்லை. நீதிமன்றம் சென்று ஆணை பெற்று, அந்த வீட்டிலேயே குடியேறினார். அதற்கு இரண்டாண்டு முன்பே, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் கறுப்பர் உரிமைக்காக நடந்த கூட்டத்திற்கு, ஜாக்கி ராபின்சனோடு சென்று வந்தவர் அவர். ஆகவே 1969இல் அவர் திடீரென்று துள்ளிவிட்டதாக எழுதினவர்கள், அவர் வரலாற்றைப் படியாதவர்கள்.

1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டம். ஏழாவது சுற்றிலே டெட்ராய்ட் அணியின் நார்த்ரப் அடித்த பந்தை, பிளட் ஒரு கணம் தவறாகக் கணித்தார். முன்னே ஓரடி வைத்துவிட்டார். பந்து தலைக்கு மேலே போய்விட்டது. தொடரும் போயிற்று. பல்லாண்டு விருதுகள் ஒரு தட்டிலே, ஓரடி மறு தட்டிலே! மறு ஆண்டு ஊதியப் பேச்சிலே முதலாளி கறாராக நின்றார். பிளட் தொண்ணூறாயிரம் வேண்டும் என்று நின்று பெற்றார். முதலாளி யார்? பீர் காய்ச்சிக் கோடி குவித்த ஆகஸ்ட் புஷ். 1969 மார்ச்சில், செய்தியாளரையும் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, பண ஆசையைக் குறைத்துக்கொள்ளுமாறு அவர் உபதேசம் செய்தார். கோடீசுவரர் ஆசையின்மையைப் போதிப்பது எந்நாட்டுக்கும் பொதுவான காட்சி போலும்!

1969 அக்டோபர் 8. விடியுமுன் தொலைபேசி மணி. பேசியவர் முதலாளி அல்லர், மேலாளரும் அல்லர். அலுவலகத்திலே இடைநிலை ஊழியர் ஒருவர். பிளட்டையும் இன்னும் மூவரையும் பிலடெல்பியா பில்லீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மூவரை வாங்கிக்கொண்டார்களாம். பன்னிரண்டாண்டு உழைப்புக்கு ஒரு தொலைபேசிப் பேச்சு. பின்னர் அஞ்சலில் ஒரு சிறு அட்டை. தீர்ந்தது!

இந்த அதிகாரம் அவர்களுக்கு எப்படி வந்தது? அதைச் சொன்னாலன்றி வழக்கு விளங்காது. 1879இல் தேசிய சங்கத்து அணி முதலாளிகள் ஒன்றுகூடி ஓர் உடன்பாடு செய்தார்கள். அணிக்கு ஐந்து ஆட்டக்காரரைத் தமக்கென்று ஒதுக்கிவைத்துக் கொள்வது. அவர்களை வேறெந்த முதலாளியும் எடுப்பதில்லை. ஒருவர்க்கொருவர் ஏலத்தில் போட்டியிட்டுக் கூலி உயர்ந்துவிடாதிருக்கச் செய்த சூழ்ச்சி அது. ஐந்து பேருக்கென்று பிறந்தது, பிறகு எல்லோரையும் விழுங்கிற்று. ரிசர்வ் விதி என்று அதற்குப் பெயர். ஆண்டு முடிவில் ஆட்டக்காரர் கையெழுத்திட மறுத்தால், அணி முதலாளியே ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்கு நீட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. நீட்டிய ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கிறதல்லவா? ஆகவே மறு ஆண்டும் நீட்டலாம்; அதற்கு மறு ஆண்டும்! முடிவில்லாத சங்கிலியைக் கோக்க, முதலாளிகளுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

ஏகபோகத்தை ஒடுக்க அமெரிக்காவிலே 1890 முதல் சட்டம் உண்டு. ஆனால் 1922இல் உச்சநீதிமன்றம், நீதிபதி ஹோம்ஸின் வாயிலாக, பேஸ்பாலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்த்தது. ஆட்டம் அந்தந்த ஊரில் நடப்பதாம்; மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வணிகம் ஆகாதாம்! அணிகள் இரயிலேறி மாநிலம் கடந்து போய்ச் சீட்டு விற்றுப் பணம் குவித்ததெல்லாம் வணிகத்தில் சேராதாம். 1953இல் மீண்டும் ஒருவர் கேட்டார். பழைய தீர்ப்பே நிற்கும் என்றார்கள். பிறகு 1955இல் குத்துச்சண்டை வந்தது. அதற்குச் சட்டம் பொருந்தும் என்றார்கள். 1957இல் கால்பந்து வந்தது. அதற்கும் பொருந்தும் என்றார்கள். பேஸ்பாலுக்கு மட்டும் பொருந்தாது. ஏன்? முன்பு அப்படிச் சொல்லிவிட்டோமே, அதனால்!

இந்த அரணைத்தான் பிளட் தனியாக முட்டினார். ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் அவரிடம் ஒளிக்கவில்லை. வழக்குத் தோற்கவே வாய்ப்பு மிகுதி. வென்றாலும் உங்களுக்கு ஆதாயமில்லை, ஆட்ட வாழ்வு முடிந்துவிடும் என்று எச்சரித்தார். மற்ற ஆட்டக்காரர்க்கும் இனி வருபவர்க்கும் பயன்படுமா என்று பிளட் கேட்டார். படும் என்றதும், அது போதும் என்றார். 1969 டிசம்பரில், போர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரிலே கூடிய சங்கத்தின் நிருவாகக் குழு, 25 வாக்குகளோடு, எதிர்ப்பே இன்றி ஆதரவு தந்தது. அங்கே ஒருவர், கறுப்பர் என்ற முறையில் இதைச் செய்கிறீரா என்று கேட்டார். தாம் கறுப்பர் என்பதால் இந்தக் கொடுமை கூடுதலாக உறைக்கிறது. ஆனால் ஆட்டக்காரர் என்ற முறையிலேயே போராடுகிறேன் என்பது பிளட்டின் விடை. விதி வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாகத்தானே கட்டியிருந்தது! கட்டை உணர்ந்தவர், ஏற்கெனவே ஒரு கட்டை உணர்ந்து பழகியவர்.

டிசம்பர் 24ஆம் நாள், பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு மடல் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு பெரிய அணியில் ஆடியபின், தம் விருப்பத்தைப் பாராமல் வாங்கவும் விற்கவும் தக்க சொத்தாகத் தம்மை எண்ணவில்லை. பிற அணிகளின் அழைப்பையும் ஆராயத் தமக்கு உரிமை உண்டு. இதுதான் மடலின் சாரம். ஒரு வசை இல்லை. ஒரு கெஞ்சல் இல்லை. ஆணையர், நீர் மனிதர்தான், ஆனால் இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற பாணியிலே மறுத்தார். 1970 சனவரியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பிலடெல்பியா தரவிருந்த இலட்சம் டாலர் அளவிலான ஊதியத்தை ஒதுக்கிவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் ஆடாமல் நின்றார். முப்பத்திரண்டு வயது, ஆட்டக்காரனுக்கு ஓராண்டு என்பது மற்றவர்க்குப் பத்தாண்டு.

வகுப்பறையிலே நாம், அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் ஒழிந்தது என்று கரும்பலகையில் எழுதுகிறோம். மணி அடித்ததும் அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். பிளட்டின் வழக்கறிஞர்கள் அந்தத் திருத்தத்தையும் மனுவிலே காட்டியிருந்தார்கள் என்பதை அறிந்தபின், அந்த வரியை எழுதுகையில் நமக்குக் கை சற்றே தயங்குகிறது.

1970 மேயில் நியூயார்க்கிலே விசாரணை. சாட்சி சொல்ல வந்தார் ஜாக்கி ராபின்சன். 1947இல் நிறத்தடையை உடைத்துக்கொண்டு நுழைந்த அதே மாவீரர். தலை நரைத்து, நீரிழிவால் கண்ணொளி மங்கி வந்தார். அவரையும்கூட 1956 டிசம்பரில் இன்னோர் அணிக்கு மாற்றினார்கள். அவர் ஆட்டத்தையே விட்டு விலகியிருந்தார். யூதர் என்பதற்காக ஏச்சுக் கேட்டு ஆடிய ஹாங்க் கிரீன்பர்க்கும் வந்தார். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். அன்று களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவரும் இல்லை! சாட்சி சொல்ல வேண்டாம். பின்வரிசையிலே வந்து உட்காரவும் ஆள் இல்லை. எவருக்காக அவர் தம் வாழ்வை ஈடு வைத்தாரோ, அவர்கள் அன்று பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் என்பார்கள். அச்சம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே அச்சம் பிளட்டுக்கும் இருந்ததல்லவா?

கீழ்மன்றங்கள் இரண்டிலும் தோல்வி. கடன் நெரித்தது, மது பிடித்துக்கொண்டது. அவரைக் குறையற்ற தெய்வமாக வரைய நாம் வரவில்லை; தெய்வங்களிடம் நமக்கு வேலையும் இல்லை. 1971இல் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் டாலருக்கு வாசிங்டன் அணியில் சேர்ந்தார். ஓராண்டு ஓய்ந்த உடல் பழைய ஓட்டத்தைத் தரவில்லை. பதின்மூன்றே ஆட்டங்கள், ஏப்ரல் முடியுமுன் தந்தி ஒன்று அனுப்பிவிட்டு, நாட்டைவிட்டே வெளியேறினார். அதோடு ஆட்ட வாழ்வு முடிந்தது.

1972 சூன் 19. உச்சநீதிமன்றம் ஐவர்க்கு மூவராகத் தீர்ப்புரைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், தொடக்கத்திலே பேஸ்பாலின் பெருமையைப் பாடி, பழம்பெரும் ஆட்டக்காரர் எண்பதுக்கும் மேற்பட்டவர் பெயர்களை அடுக்கினார். நீதி கேட்டு வந்தவன் முன்னே நாமாவளி! பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதிகளிலே இருவர், அந்தப் பகுதியில் மட்டும் கையெழுத்திட மறுத்தார்கள்.

பிறகுதான் சாரம். பேஸ்பால் வணிகந்தான், மாநிலம் கடந்த வணிகந்தான் என்று இப்போது ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மட்டும் விலக்கு என்பது முரண்பாடே என்றும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் விலக்கை நீக்கவேண்டியதுதானே? இல்லை! அரை நூற்றாண்டாக இருந்து வருகிறது. அதை நம்பிப் பிறர் தொழில் நடத்துகிறார்கள். வேண்டுமானால் சட்டமன்றம் மாற்றட்டும் என்றார்கள்.

நாம் சினந்து எழுதத் தொடங்கியது இந்த இடத்தால்தான். தவறு என்று தெரியாமல் தவறு செய்பவரோடு வாதிடலாம், சான்று காட்டலாம். தவறு என்று தம் கையாலேயே எழுதி, அதன்கீழ், ஆனாலும் பழையது, ஆகவே நிற்கட்டும் என்று முத்திரை குத்துகிறவரிடம் எதைக் காட்டுவது? முன்னோர் செய்தார்கள், ஆகவே செய்கிறோம் என்னும் பல்லவியைக் குருக்களின் வாயிலே கேட்டிருக்கிறோம். படித்த, பண்பட்ட, அறிவியல் நாட்டின் மிக உயர்ந்த மன்றத்திலே, கறுப்பங்கி போர்த்து அதே பல்லவி வந்தது. முன்தீர்ப்புக்கு மதிப்புத் தராவிட்டால் சட்டம் நிலைகுலையும் என்று வழக்கறிஞர்கள் நம்மைத் திருத்துவார்கள். குத்துச்சண்டைக்கும் கால்பந்துக்கும் அந்த மதிப்பைத் தராதபோது சட்டம் நிலைகுலைந்ததா?

மறுத்தெழுதிய மூவரிலே இருவரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் டக்ளஸ். 1953இல் பழைய தீர்ப்பை நிலைநாட்டிய பெரும்பான்மையில் இருந்தவர் இவர். அன்று அப்படிச் சேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று, பத்தொன்பது ஆண்டு கழித்து, தம் பெயரிட்டு எழுதினார். மற்றவர் தர்குட் மார்ஷல். உச்சநீதிமன்றத்திலே அமர்ந்த முதல் கறுப்பர், அடிமைகளின் வழிவந்தவர். முதலாளிகள் தமக்குள் பண்டமாற்றுச் செய்துகொண்ட இந்த மனிதரின் நிலை, ஏறக்குறைய அடிமை நிலையாகத் தோன்றக்கூடும் என்று எழுதினார். தொண்ணூறாயிரம் டாலரைக் காட்டிச் சிரித்தவர்களுக்கு, அந்தச் சொல்லை எடுத்தாள அவரினும் உரிமை உடையவர் வேறு யார்?

இந்த விதி போனால் ஆட்டமே அழியும் என்று முதலாளிகள் பல தலைமுறையாக ஆரூடம் சொன்னார்கள். 1975 டிசம்பர் 23இல் நடுவர் பீட்டர் சைட்ஸ், மெசர்ஸ்மித், மக்நாலி என்னும் இரு ஆட்டக்காரர் முறையீட்டில், அந்த ஒற்றை வரி ஓராண்டுக்கு மட்டுமே செல்லும், சங்கிலியாக நீளாது என்று தீர்த்தார். விதி போயிற்று. ஆட்டம் அழிந்ததா? காண வந்தவர் கூட்டம் பெருகிற்று. 2024 டிசம்பரில், ஹுவான் சோட்டோ என்னும் ஆட்டக்காரர், தாமே தேர்ந்த நியூயார்க் மெட்ஸ் அணியோடு, பதினைந்து ஆண்டுக்கு எழுபத்தாறரைக் கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அவ்வளவு பணம் ஒருவருக்கு வேண்டுமா என்பது வேறு வழக்கு. அதையும் ஒருநாள் நாம் எழுதக்கூடும். அந்தப் பணம் முன்பும் அங்கேதான் இருந்தது. வேறொருவர் பையிலே இருந்தது.

பிளட், ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவிலே ஒரு மதுக்கடை நடத்தினார், தாயகம் திரும்பினார், குடியை வென்றார். 1997 சனவரி 20இல், ஐம்பத்தொன்பது வயதில், தொண்டைப் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மறைந்தார். கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்திலே, உயிரோடிருந்தவரை அவருக்கு இடம் தரவில்லை. மறைந்து கால் நூற்றாண்டு கடந்தும் தரவில்லை. அவரை வழக்குமன்றத்திலே எதிர்த்து நின்ற ஆணையர் கூனுக்கு அங்கே 2008 முதல் இடம் உண்டு.

1998இல் அமெரிக்கச் சட்டமன்றம், பெரிய அணி ஆட்டக்காரர்க்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் காப்பை அளித்து, அந்தச் சட்டத்துக்குக் கர்ட் பிளட்டின் பெயரையே சூட்டியது. சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். சிறு சங்க ஆட்டக்காரர்க்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோலின் முனையால் உடுப்பு தூக்கப்பட்ட அன்று, பதின்பருவத்துப் பிளட் ஆடிக்கொண்டிருந்தது சிறு சங்கத்தில்தான்.